சுருங்கிய இரைப்பையும் மூன்று ஷிஃப்டும்

எடை குறைப்பு அறுவை செய்துகொண்டு வீடு திரும்புகிறவர் கையில் மருத்துவமனை ஒரு தாளைக் கொடுத்து அனுப்பும். அதில் தவறாமல் இருக்கும் வரி, தண்ணீரை மடக்மடக்கென்று குடிக்கக் கூடாது என்பது. சிறு மிடறுகளாக, நாள் முழுக்கப் பரப்பி, ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை குடிக்க வேண்டும். இரண்டு லிட்டரை விழித்திருக்கும் பதினாறு மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்கு 125 மில்லி வருகிறது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்பும் அரை மணி பின்பும் அதுவும் கிடையாது.

வெக்கையில் உடலுழைப்பு செய்கிறவர்களுக்குத் தொழில் பாதுகாப்பு வல்லுநர்கள் சொல்லும் கணக்கு வேறு. பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒரு தம்ளர், அதாவது மணிக்கு ஏறத்தாழ முக்கால் லிட்டர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ரோலிங் மில்களில் இரும்புக் கட்டிகள் ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கு மேல் பழுத்து ஃபர்னஸிலிருந்து வெளியே வருகின்றன. அந்த வாய்க்கருகே மே மாதத்தில் எட்டு மணி நேரம் நிற்பவருக்கு இந்த இரண்டாவது கணக்கே குறைவு.

இரண்டு கணக்குகளும் ஒரே உடலுக்குள் வந்து மோதினால் என்ன ஆகும்? அறுவையைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் குளிரூட்டிய அறையில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவரை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. திருவள்ளூர் மாவட்டத்தின் தொழிற்பேட்டைகளிலிருந்து இதே அறுவையைப் பார்த்தால் வேறு கேள்விகள் எழுகின்றன.

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் 45 கிலோமீட்டரில் கும்மிடிப்பூண்டி. எஃகு, வார்ப்பட ஆலைகள், ரசாயனம், வாகன உதிரிபாகங்கள். கொஞ்சம் மேற்கே தேர்வாய்கண்டிகையில் மிஷலின் டயர் ஆலை. மாவட்டத் தலைநகரான திருவள்ளூரை ஒட்டிக் காக்களூர் தொழிற்பேட்டை. உள்ளூர்க்காரர்களோடு ஒடிசா, பீகார், ஜார்கண்ட் என்று பல மாநிலத்தவரும் இங்கே மூன்று ஷிஃப்டில் உழைக்கிறார்கள். உடலுழைப்பு செய்கிறவனுக்கு உடல் பருமன் வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆலைகளில் பாதி வேலை இன்று இயந்திரத்தைக் கவனித்தபடி நிற்பதும், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவதும், திரையைப் பார்ப்பதும்தான். 2019-21 காலத்தில் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் பெண்கள் 30.9, ஆண்கள் 28.2. ஐந்தே ஆண்டில் இந்த ஏற்றம்.

சர்க்கரை நோயும் கூடவே வருகிறது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நாடு தழுவி நடத்திய ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி, பெரியவர்களில் 11.4 சதவீதம். தமிழ்நாட்டின் விகிதம் நாட்டின் சராசரியைத் தாண்டி நிற்கிறது. மாநில அரசின் ‘தொழிலாளர்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் ஆலை வாசலுக்கே போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பதற்குக் காரணம் இதுதான். வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னால் வர முடியாதவர்கள் பலர்.

இந்திய உடலுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. 2004-இல் ‘லான்செட்’ இதழில் இரண்டு விஞ்ஞானிகளின் படம் பக்கத்துப் பக்கமாக வெளியானது. ஒருவர் லண்டனின் ஜான் யுட்கின், மற்றவர் புனேயின் சித்தரஞ்சன் யாக்னிக். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு, அதாவது கிலோவில் எடையை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண், ஒன்றே: 22.3. உடலிலிருந்த கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். தராசு இருவரையும் ஒன்றுபோலக் காட்டியது, கொழுப்போ இரண்டு மடங்குக்கு மேல். நம்மவர்களின் கொழுப்பு வயிற்றுக்குள், கல்லீரலையும் குடலையும் சுற்றிச் சேர்வதால், ஐரோப்பியரை விடக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது.

அதனால்தான் அறுவைக்கான எல்லைக்கோடும் ஆசியர்களுக்குக் கீழே இறக்கப்பட்டது. மேலை நாடுகளில் நெடுங்காலம் 40, கூடவே சர்க்கரை போன்ற நோய் இருந்தால் 35 என்று இருந்த அளவு, ஆசியர்களுக்கு முறையே 37.5, 32.5 என்று வைக்கப்பட்டது. 2022-இல் உலக அமைப்புகள் அதையும் தளர்த்தின. ஆனால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த விதி பழைய 40, 35 அளவையே பிடித்துக்கொண்டிருக்கிறது. 165 சென்டிமீட்டர் உயரமும் 92 கிலோ எடையும் கட்டுப்படாத சர்க்கரையும் உள்ள ஒரு ஆலைத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அவர் குறியீடு 33.8. மருத்துவர் கண்ணில் அவர் அறுவைக்குத் தகுதியானவர். காப்பீட்டு விதியின் கண்ணில் இல்லை. இந்திய உடலைப் பற்றி இந்திய விஞ்ஞானிகள் கண்டுபிடித்ததை இந்திய விதியே கணக்கில் எடுக்காமல் இருப்பது நியாயமில்லை. திருத்த வேண்டிய விதி இது.

சரி, வாயைக் கட்டினால் போதாதா? அறுவை எதற்கு? வீட்டில், கேன்டீனில், பேருந்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி. இதற்கு உடலியல் தரும் விடை கேட்பவரைச் சற்று வாயடைக்க வைக்கும்.

1999-இல் ஜப்பானில் மசயசு கொஜிமாவும் கென்ஜி கங்காவாவும் கிரெலின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். இரைப்பையின் மேல்பகுதிதான் இதை அதிகம் சுரக்கிறது. வயிறு காலியானால் ரத்தத்தில் ஏறி, மூளைக்குப் போய்ப் பசியைக் கிளப்பும். சாப்பிட்டால் இறங்கும். மூன்று ஆண்டு கழித்து அமெரிக்காவில் டேவிட் கம்மிங்ஸ் குழு ஒரு சோதனை நடத்தியது. உணவைக் குறைத்து உடல் எடையில் 17 சதவீதத்தை இழந்தவர்களுக்கு நாள் முழுக்கக் கிரெலின் அளவைப் பார்த்தபோது, அது 24 சதவீதம் ஏறியிருந்தது. எடை இறங்க இறங்க உடல் பசியை ஏற்றுகிறது. பஞ்சகாலத்துக்காகப் பழகிய உடல் இழந்ததை மீட்கப் பார்க்கிறது. விரதமிருந்து பத்துக் கிலோ குறைத்தவர் ஓராண்டில் பன்னிரண்டு கிலோ ஏறுவதை மனவலிமைக் குறைவு என்று ஊர் சொல்லிவிடும். அவர் தன் சொந்த ரத்தத்தை எதிர்த்து மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். அதே சோதனையில், இரைப்பை பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்களின் கிரெலின், இயல்பான எடை உள்ளவர்களுடையதை விட 77 சதவீதம் குறைவாக இருந்தது.

பைபாஸ் அறுவை பிறந்ததே வேறொரு நோயைக் குணப்படுத்தப் போன இடத்தில். அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன், குடற்புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்த பெண்கள் எடை ஏறாமல் இருப்பதைக் கவனித்தார். 1960-களின் நடுவில் சிகாஷி இட்டோவுடன் சேர்ந்து அதையே பருமனுக்கு மருந்தாக்கினார். உணவுப் பாதையில் இரைப்பையின் பெரும்பகுதியையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் தவிர்த்துவிட்டு மேலிருந்து கீழே இணைப்பது அந்த முறை. பிறகு 1995-இல் அமெரிக்காவின் கிரீன்வில்லில் வால்டர் போரிஸ், பதினான்கு ஆண்டுகளில் 608 பேருக்கு இப்படிச் செய்ததை எழுதினார். அவர்களில் சர்க்கரை நோயாளிகளாயிருந்தவர்களில் சுமார் 83 சதவீதத்தினருக்கு ரத்தச் சர்க்கரை இயல்புக்கு வந்திருந்தது. பலருக்கு எடை இறங்குவதற்கு முன்பே, சில நாட்களில். உணவு சிறுகுடலின் கீழ்ப்பகுதியை விரைவில் தொடும்போது ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் பெருகிக் கணையத்தைத் தூண்டுவது இதற்கு ஒரு காரணம் என்று பின்னர் தெரியவந்தது. பசியைக் குறைத்து இன்று ஊசியாக வரும் மருந்துகளின் அடிப்படையும் அதே ஹார்மோன்தான்.

இந்தியாவில் பொதுமக்கள் இந்த அறுவையை அரசியல்வாதிகள் மூலமாகத்தான் முதலில் அறிந்துகொண்டார்கள். நிதின் கட்கரி 2011-இல் செய்துகொண்டார். அருண் ஜெட்லி 2014 செப்டம்பரில், சர்க்கரை நோய்க்காக. பின்னர் 2017-இல் மிகக் கடும் பருமனோடிருந்த எகிப்தின் ஈமான் அகமதுவை இந்த அறுவைக்காகச் சரக்கு விமானத்தில் மும்பைக்குக் கொண்டுவந்தபோது ஊரே தொலைக்காட்சி முன் உட்கார்ந்தது. தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் ஜெம் மருத்துவமனையில் சி.பழனிவேலு வளர்த்தெடுத்த லேப்ராஸ்கோப்பி மரபு இதற்குத் தளம் போட்டது. இன்று சென்னையின் பெரிய தனியார் மருத்துவமனைகளில் மட்டுமல்ல, அரசு மருத்துவமனைகளிலும் இது நடந்திருக்கிறது.

உலகில் இப்போது அதிகம் செய்யப்படுவது ஸ்லீவ் முறை. அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே கடுமையான குறைந்த கலோரி உணவு தொடங்கிவிடும். கல்லீரலில் கொழுப்பு படிந்து வீங்கியிருந்தால் அதன் இடப்பக்கம் இரைப்பையை மூடி மறைத்துவிடும். இரண்டு வாரத்தில் அது சுருங்கி மருத்துவருக்கு வழிவிடும். எண்டோஸ்கோப்பி, இதயப் பரிசோதனை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்ற சோதனை எல்லாம் முடிய வேண்டும். பீடி, சிகரெட் நிறுத்த வேண்டும்.

மயக்கம் கொடுத்த பிறகு வயிற்றில் நான்கைந்து சிறு துளைகள். கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்ப வைத்தால் உள்ளே வேலை செய்ய இடம் கிடைக்கும். வாய் வழியாகச் சுமார் 12 மில்லிமீட்டர் பருமனுள்ள ஒரு குழாயை இரைப்பைக்குள் இறக்கி, அதன் உட்புற வளைவோடு ஒட்டிப் படுக்க வைப்பார்கள். அதுதான் அளவுகோல். இரைப்பையின் கீழ்வாயிலிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி ஸ்டேப்ளரை வைத்து, குழாயை ஒட்டியே மேலே ஏறுவார்கள். ஒவ்வொரு அழுத்தலிலும் டைட்டானியம் பின்கள் வரிசையாகத் தைக்க, நடுவில் கத்தி வெட்டிக்கொண்டே போகும். முடிவில் இரைப்பையின் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஒரு துளை வழியாக வெளியே வந்துவிடும். மிஞ்சுவது வாழைக்காய் போல ஒரு குறுகிய குழாய், சுமார் 100 முதல் 150 மில்லி கொள்ளும். கிரெலின் சுரந்த மேல்பகுதியும் வெட்டுப்பட்டதோடு போய்விடும். நீல மைக் கரைசலையோ காற்றையோ செலுத்திக் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுவார்கள். அனுபவமுள்ள கைக்கு ஒன்றரை, இரண்டு மணி நேர வேலை.

இதில் உயிர் ஆபத்து உண்டா? உண்டு. அமெரிக்காவில் 4,776 பேரைத் தொடர்ந்த ஆய்வு 2009-இல் சொன்னது: முப்பது நாட்களுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம், பெரிய சிக்கல் வந்தவர்கள் 4.3 சதவீதம். அந்த எண்கள் தேர்ந்த மையங்களுடையவை. தையல் வரிசை கசிவதும், காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போய் அடைப்பதும்தான் எல்லோரும் அஞ்சுபவை. அறுவை நடந்த அன்று மாலையே கட்டிலிலிருந்து இறக்கி நடக்க வைப்பது இரண்டாவதற்காக. 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரின் ஒரு தனியார் மருத்துவமனையில் எடை குறைக்க அறுவைக்குப் போன ஒரு இளைஞர் இறந்தார். அரசு விசாரணைக் குழு அமைத்தது. மருத்துவமனையின் உரிமம் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது. அந்தச் செய்திக்குப் பிறகு பல குடும்பங்கள் அறுவை என்ற பேச்சையே எடுக்க விடவில்லை.

பயம் புரிகிறது. ஆனால் அந்தப் பயத்திலிருந்து எழ வேண்டியது கேள்விகள்தான். இந்த மருத்துவமனையில் ஆண்டுக்கு எத்தனை அறுவைகள்? பருமனானவருக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய மருத்துவர் உண்டா? தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டிடத்தில் இருக்கிறதா? நடு இரவில் வயிறு வலித்தால் யார் தொலைபேசியை எடுப்பார்? விளம்பரப் பலகையில் ‘முன்பு, பின்பு’ படங்களைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் இவற்றில் ஒன்றையும் கேட்பதில்லை. கேட்பது நோயாளியின் உரிமை. மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சுவீடனில் 1987-இல் தொடங்கி 4,047 பேரைத் தொடர்ந்த ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களிடையே இறப்பு செய்யாதவர்களை விட 29 சதவீதம் குறைவு என்று 2007-இல் தெரிந்தது. கடும் பருமனோடு சும்மா இருப்பதிலும் ஆபத்து இருக்கிறது.

இனி வீடு. முதல் இரண்டு மூன்று நாள் தெளிந்த நீராகாரம்: இளநீர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், காரம் இல்லாத ரசத் தெளிவு. பிறகு இரண்டு வாரம் பால், மோர், கஞ்சி. அப்புறம் மசித்த முட்டை, குழைந்த பருப்பு. ஆறு முதல் எட்டு வாரத்தில் எல்லோரும் சாப்பிடும் சாப்பாடு, கைப்பிடி அளவில், இருபது முப்பது நிமிடம் மென்று. இதுவரை எந்தக் கையேட்டிலும் இருப்பதுதான்.

கஷ்டம் புரதத்தில். நாளைக்கு 60 முதல் 80 கிராம் வேண்டும். இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு இட்லியில் சுமார் 2. ஒரு தம்ளர் பாலில் 6 அல்லது 7. பத்து முட்டை சாப்பிட்டால் 60 வந்துவிடும்தான், ஆனால் 100 மில்லி இரைப்பைக்குள் ஒரு வேளைக்கு இரண்டு முட்டை போவதே பெரிது. நம் சாப்பாட்டு முறை இந்தக் கணக்குக்கு நேர் எதிர்த்திசையில் இருக்கிறது. முதலில் சோறு, அதன் மேல் குழம்பு, ஓரத்தில் ஒரு கரண்டி கூட்டு. அறுவைக்குப் பிறகு தட்டையே திருப்பிப் போட வேண்டும். முதல் கவளம் மீனோ முட்டையோ பயறோ, மிச்சமிருக்கும் இடத்தில் காய், கடைசியில் இடமிருந்தால் இரண்டு வாய் சோறு. கும்மிடிப்பூண்டி, பொன்னேரிப் பக்கத்து மக்களுக்கு ஒரு வசதி உண்டு. பழவேற்காடு அருகில். நூறு கிராம் மீனில் ஏறத்தாழ 18 முதல் 20 கிராம் புரதம். முள் நீக்கிக் குழம்பில் மெத்தென்று வெந்த மீனைப் போல இந்தச் சிறு இரைப்பை எளிதாக ஏற்கும் உணவு குறைவு. மரக்கறி மட்டும் உண்பவர்கள் பயறு, பனீர், தயிர், புரதப்பொடி என்று இன்னும் கவனமாகத் திட்டமிட வேண்டியிருக்கும்.

மாத்திரைகள் ஆயுள் முழுக்க. பி12 வைட்டமினை உடல் உறிஞ்ச உதவும் பொருள் சுரந்த இடத்தின் பெரும்பகுதி வெட்டியெடுக்கப்பட்டுவிட்டது. இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் சேர வேண்டும். மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை முடி கொட்டும், பெரும்பாலும் திரும்ப வளரும். வேகமாக எடை இறங்கும்போது பித்தப்பையில் கல் உருவாகும் என்பதால் அதற்கும் ஆறு மாதம் மருந்து தருவது உண்டு. பெண்கள் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குக் கருவுறாமல் இருக்க வேண்டும். பாதி பட்டினியில் இருக்கும் உடல் இன்னொரு உயிரைத் தாங்காது.

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று பி1, தயமின். உடலில் இதன் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். அறுவைக்குப் பின் ஒருவர் தொடர்ந்து வாந்தி எடுத்தால் அது தீர்ந்துபோய் மூளை பாதிக்கப்படும். கண் அலைபாயும், நடை தள்ளாடும், குழப்பம் வரும். இப்போது நம்மூர் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு நாளாக வாந்தி, உடம்பு முடியவில்லை என்று ஷிஃப்ட் முடிந்து பக்கத்துக் கிளினிக்குக்குப் போகிறார். ‘ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க சார், தெம்பாயிடும்’ என்று நோயாளியே கேட்பார். தயமின் தீர்ந்த உடலில் குளுக்கோஸைத் தனியாக ஏற்றினால் மிச்சமிருக்கும் துளித் தயமினும் செலவாகி மூளைப் பாதிப்பு பாய்ந்து வரும். முதலில் தயமின் ஊசி, அதற்குப் பிறகுதான் குளுக்கோஸ். சென்னையின் பெரிய மருத்துவமனையில் இது எல்லோருக்கும் தெரியும். இரவு பத்து மணிக்குத் தொழிற்பேட்டைச் சாலையோரக் கிளினிக்கில் இருப்பவருக்கு, எதிரில் படுத்திருப்பவர் அறுவை செய்துகொண்டவர் என்பதே தெரிந்திருக்காது. வயிற்றில் தெரிவதெல்லாம் ஆறிப்போன சிறு தழும்புகள்தான்.

வலி ஊசியும் அப்படியே. இடுப்புவலிக்கு டைக்ளோஃபினாக் போட்டுக்கொள்வது ஆலைத் தொழிலாளர்களிடையே தேநீர் குடிப்பதைப் போல் சாதாரணம். பைபாஸ் செய்தவருக்கு அது இணைப்பு இடத்தில் புண்ணாக்கும், ரத்தக்கசிவு வரை கொண்டுபோகும். ஸ்லீவ் செய்தவர்களும் தவிர்ப்பது நல்லது.

சர்க்கரை மாத்திரையின் அளவு அறுவை முடிந்த உடனே மாற வேண்டும். பழைய அளவிலேயே கிளிமிபிரைடு போட்டுக்கொண்டு, கைப்பிடிச் சாப்பாட்டோடு இரவு ஷிஃப்டுக்குப் போனால் விடியற்காலை மூன்று மணிக்குச் சர்க்கரை சரிந்து இயந்திரத்தின் பக்கத்தில் மயங்கி விழலாம்.

இரவு ஷிஃப்டைப் பற்றியே தனியாகச் சொல்ல வேண்டும். 2009-இல் போஸ்டனில் ஃபிராங்க் ஷேர் பத்துப் பேரை ஆய்வகத்தில் வைத்து, 28 மணி நேர நாளாக வாழவைத்தார். உடலின் உள்கடிகாரமும் சாப்பிடும் நேரமும் தலைகீழானபோது, போதும் என்று சொல்லும் லெப்டின் 17 சதவீதம் குறைந்தது. ரத்தச் சர்க்கரை 6 சதவீதமும் இன்சுலின் 22 சதவீதமும் ஏறின. போதிய தரவு கிடைத்த எட்டுப் பேரில் மூவருக்குச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை நோயின் விளிம்பைத் தொட்டது. ஆரோக்கியமான உடல்களில், ஒரு சில நாட்களில். வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும் தொழிலாளியின் உடலில் இது ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. கத்தி கிரெலினைக் குறைத்துத் தந்த சாதகத்தைக் கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

அடுத்தது கேன்டீன். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் உணவகம் வைக்க அரசு உத்தரவிடலாம் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வழிவகுத்தது, கோடையில் குளிர்ந்த குடிநீரும் தரச் சொன்னது. பசித்த தொழிலாளிக்காகப் போராடிப் பெற்றவை இவை. மலிவு விலையில் வேண்டுமட்டும் சோறு என்பது ஒரு தலைமுறையின் வெற்றி. அறுவை செய்துகொண்டவருக்கு அங்கே வேறு தேவை: இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம், ஒரு அவித்த முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல். அரை மணி உணவு இடைவேளையில் பாதி வரிசையில் போய்விடும். மிச்சமுள்ள பதினைந்து நிமிடத்தில் அள்ளிப் போட்டால் உணவு மேலே ஏறி நெஞ்சில் நிற்கும், வாந்தி வரும். இடைவேளைத் தேநீரில் மூன்று கரண்டிச் சர்க்கரை இருந்தால், பைபாஸ் செய்தவருக்கு அது நேராகச் சிறுகுடலில் கொட்டி வியர்வை, படபடப்பு, தலைசுற்றல். இவற்றைச் சரிசெய்ய ஆலைக்குப் பெரிய செலவில்லை. மேற்பார்வையாளருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

மதுவைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். சுருங்கிய இரைப்பையில் மது தங்காமல் விரைந்து ரத்தத்தில் ஏறுகிறது. முன்பு மூன்று கிளாசில் வந்த போதை ஒன்றில் வரும். 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மதுவால் சிக்கலுக்குள்ளானவர்கள் அறுவைக்கு முன் 7.6 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 9.6 சதவீதம். சோற்றில் கிடைத்த ஆறுதல் பறிபோனதும் மனம் வேறிடம் தேடுகிறது என்று மனநல மருத்துவர்கள் கருதுகிறார்கள். சம்பள நாளில் டாஸ்மாக் வாசலில் நண்பர்கள் இழுக்கும்போது மறுக்க ஒருவருக்குத் துணை வேண்டும். அந்தத் துணை மனைவியாகவோ உடன் வேலை செய்பவராகவோ இருக்கலாம், அவர்களையும் அறுவைக்கு முன்பே மருத்துவர் அழைத்துப் பேசியிருக்க வேண்டும்.

பணம்? மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர் இஎஸ்ஐ திட்டத்தில் வருகிறார். உடல்நலமில்லாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டில் 91 நாள் வரை பெறலாம், சந்தா நாட்கள் சரியாக இருந்தால். ஒப்பந்தக்காரர் அவ்வப்போது பெயரை நீக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தால் அந்த நாட்கள் நிறையாது. முதல் ஆண்டில் மட்டும் குறைந்தது ஐந்து முறை மறுபரிசோதனைக்குப் போக வேண்டும், பிறகு ஆண்டுதோறும். ஒவ்வொரு முறையும் மின்சார ரயிலில் சென்னை போய் வர ஒரு நாள் கூலி. வராமல் போவதற்கு அலட்சியம் காரணம் என்று எழுதிவிடுகிறோம். 2022-இல் திருவள்ளூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது. அறுவை சென்னையில் நடந்தாலும் ரத்தப் பரிசோதனையும் பி12 ஊசியும் உணவு ஆலோசனையும் அங்கே கிடைத்தால் அந்தக் கூலியில் பாதி மிஞ்சும்.

தொடர்ந்து போவது ஏன் முக்கியம் என்றால், எடை திரும்புகிறது. பின்லாந்தில் 240 பேரைப் பத்தாண்டு தொடர்ந்த ஆய்வு 2022-இல் முடிவைத் தந்தது. கூடுதலாக இருந்த எடையில் ஸ்லீவ் செய்தவர்கள் 43.5 சதவீதத்தையும் பைபாஸ் செய்தவர்கள் 50.7 சதவீதத்தையும் குறைத்தே வைத்திருந்தார்கள். உணவுக்குழாய்ப் புண் ஸ்லீவ் குழுவில் 31 சதவீதம், பைபாஸில் 7. பத்தாண்டுக்குப் பிறகும் பாதி என்பது எந்த விரதமும் தராத பலன். பசியைக் குறைக்கும் ஊசி மருந்துகளான மௌன்ஜாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. ஊசியை நிறுத்தினால் எடை திரும்புகிறது என்பதால், மாதாமாதம் வாங்க முடியாதவருக்கு அறுவை இன்னும் நெடுநாள் பொருளுள்ளதாகவே இருக்கும்.

ஆகவே மருத்துவமனை கொடுத்தனுப்பும் தாளோடு இன்னொரு கடிதமும் வேண்டும், ஆலைக்கு. ஆறு வாரத்துக்குக் கனம் தூக்கும் வேலை கூடாது. மூன்று மாதமாவது ஃபர்னஸ் பக்கத்திலிருந்து மாற்றி நிழலில் போட வேண்டும். வேலையிடத்தில் கையெட்டும் தூரத்தில் தண்ணீர் பாட்டில் இருக்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் மிடறு குடிக்கலாம். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனாலோ நிற்கும்போது கண் இருட்டினாலோ உடனே வேலையிலிருந்து இறக்க வேண்டும். முதல் மாதங்களில் இரவு ஷிஃப்ட் வேண்டாம். சட்டைப்பையில் வைத்துக்கொள்ள ஒரு சிறு அட்டை: இவர் இரைப்பை அறுவை செய்தவர், வாந்தி என்றால் குளுக்கோஸுக்கு முன் தயமின், டைக்ளோஃபினாக் கூடாது, மருத்துவரின் தொலைபேசி எண். அந்த அட்டை ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் கிளினிக்கில் பயன்படும், ஷிஃப்டில் பயன்படாது. தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் அச்சிட வேண்டும், பக்கத்து இயந்திரத்தில் நிற்பவர் படிக்கும்படியாக.